குடும்ப வக்கீலுக்கு யாருடைய சிபாரிசு?

நம் சங்கத்தை நாடி வருவோரில் பலர் சிபாரிசுக் கடிதம் வேண்டியே வருகின்றனர். பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் வேண்டும், உபகாரச் சம்பளம் வேண்டும், வேலை வேண்டும். தலைவரோ காரியதரிசியோ நான்கு வரி எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தால் காரியம் கைகூடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாமும் மறுப்பதில்லை. கேட்கிறவர் நம்மவர், கொடுக்கிற நமக்கோ செலவு ஒன்றும் இல்லை. ஆனால் அண்மையில் வந்த ஒரு வேண்டுகோள், சிபாரிசு என்பது உண்மையிலேயே செலவில்லாத பொருள்தானா என்று நம்மைப் பல நாட்கள் எண்ண வைத்துவிட்டது.

ஈப்போவில் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். அப்பெண் சட்டம் படித்துத் தேறி, மூத்த வக்கீல் ஒருவரிடம் ஒன்பது மாதப் பயிற்சியையும் முடித்து, உயர்நீதிமன்றத்தில் வக்கீலாக ஏற்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. இப்போது முதல் வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறார். எந்தத் துறை என்று விசாரித்தோம். "குடும்ப வழக்குகள்" என்றார். தகப்பனாரின் முகம் சுருங்கிற்று.

"வீடு, நிலம் வாங்குகிற விற்கிற பத்திர வேலை எவ்வளவோ இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தலாக் கேஸ் நடத்தப் போகிறாளாம். பிறர் வீடு இடிந்தால்தானே இவளுக்குச் சோறு? அந்தக் காசில் பரக்கத் இருக்குமா, நீங்களே சொல்லுங்கள்" என்றார். பிறகு சற்றுத் தணிந்து, "போகத்தான் போகிறாள் என்றால் நல்ல இடமாகப் போகட்டும். சங்கத்துக் கடிதத்தில், நம் அங்கத்தினர் வழக்குகளெல்லாம் இனி உங்களிடமே வரும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்" என்றார்.

மகள் அதுவரை பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "மாமா, கடிதம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு நம் அங்கத்தினர் ஒருவருடைய மனைவியே அவர்மீது வழக்குப் போட வேண்டி என்னிடம் வந்தால், இந்தக் கடிதம் அவர் கண்ணுக்கு எப்படிப் படும்?"

நம்மிடம் பதில் இல்லை. ஆகவே தகப்பனாரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். மகளின் கேள்வி அதைவிடக் கடினமானது.

பிறர் துன்பத்திலிருந்து பிழைப்பது ஆகுமா? வியாபாரிகளாகிய நாம் இதைக் கேட்கையில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் ஜவுளிக் கடைகளில் கஃபன் துணி விற்கிறோம். விற்கிறவர் ஊரில் மய்யித்து விழ வேண்டும் என்று துஆச் செய்கிறார் என எவரும் கூறுவதில்லை. வேண்டிய நேரத்தில் வேண்டிய பொருளை நியாய விலைக்குக் கொடுத்தார் என்றே கூறுவர். அப்படியானால் முறிந்துபோன குடும்பத்தில் ஜீவனாம்சத்தையும் குழந்தையின் பராமரிப்பையும் ஒழுங்குபடுத்திக் கொடுப்பவர் செய்வதில் மட்டும் என்ன குற்றம்?

எனினும் இந்த உவமை முழுவதும் பொருந்தாது. கஃபன் விற்பவரால் ஒருவரை இரண்டு முறை சாகச் செய்ய முடியாது. வக்கீலோ நினைத்தால், ஒரு தவணையில் முடிய வேண்டிய சண்டையைப் பத்துத் தவணைக்கு இழுக்க முடியும். சொத்து விற்பனைப் பத்திரத்துக்கு வாங்கும் கட்டணத்துக்கு அரசாணை வகுத்த அளவு உண்டு. கணவன் மனைவி வழக்குக்கு அப்படிப்பட்ட அளவுகோல் இல்லை. எத்தனை தாக்கல், எத்தனை முறை கோர்ட்டு ஏறுதல் என்பதைப் பொறுத்துச் செலவு வளரும். ஆகவே அன்பருடைய அச்சத்தில் ஓர் உண்மை இருக்கிறது. பாவம் அந்தத் தொழிலில் இல்லை, இழுத்தடிப்பதில் இருக்கிறது.

சட்டமே இதை அறிந்துதான் வழியில் தடைகளை வைத்திருக்கிறது. முஸ்லிம் அல்லாதாருக்கு 1976ஆம் ஆண்டின் திருமண, விவாகரத்துச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலில் உள்ளது. அதன்படி ஒருவர் மட்டும் விவாகரத்துக் கோரினால், சில விலக்குகள் நீங்கலாக, முதலில் சமரசக் குழுவின்முன் போய்வர வேண்டும். நமக்குரிய ஷரீஅத் நீதிமன்றத்திலும் சுல்ஹு என்னும் சமாதான அமர்வு உண்டு. இளம் வக்கீல் ஒருவர் இதையெல்லாம் முத்திரை வாங்கும் சடங்காக நினைக்கிறாரா, அல்லது அங்கேயே காரியத்தை முடித்துக் கட்சிக்காரரை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறாரா என்பதில்தான் அவருடைய சம்பாத்தியத்தின் பரக்கத் இருக்கிறது. வேலைக்கு எடுக்கும் மூத்த வக்கீலிடம் அப்பெண் கேட்க வேண்டிய முதற்கேள்வியும் இதுவே: உங்கள் அலுவலகத்தில் வழக்குகள் பெரும்பாலும் எந்தக் கட்டத்தில் முடிகின்றன? சம்பளம் எவ்வளவு என்பதை இரண்டாவதாகக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் அதைக் கேட்கக் கூச்சப்பட்டே குறைந்த கூலிக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பேச்சுத் திறமையைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வாயிலாக நாம் அறிவோம். வழக்காடுவோரில் ஒருவர் வாதத்தில் வல்லவராக இருக்கலாம், தீர்ப்பும் அவர் பக்கம் போகலாம். ஆயினும் அப்படிப் பெற்ற பிறர் ஹக்கு அவருக்கு நெருப்புத் துண்டாகவே முடியும் என்பது அதன் கருத்து. இதைக் காட்டி, வக்கீல் தொழிலே கூடாது என்பார் சிலர். நாம் அப்படிக் கொள்ளவில்லை. வாய்த்திறமை ஒருபக்கமே சேர்ந்துவிட்டால் என்ன நேரும் என்பதையும் அது காட்டுகிறதல்லவா? பேசத் தெரியாத பக்கத்துக்கும் ஒரு வாய் வேண்டும். கணவர் தம்மைத் தாய்க்கு ஒப்பிட்டு விலக்கி வைத்தபோது கவ்லா (ரலி) என்னும் பெண்மணி நபிகளாரிடமே வந்து தர்க்கித்தார். அவர் முறையீட்டைத் தொட்டே ஓர் அத்தியாயம் இறங்கிற்று. முஜாதலா என்பது அதன் பெயர். குடும்ப வழக்கைக் கேவலம் என்று நினைப்பவர்கள் அந்த அத்தியாயத்தின் பெயரைச் சற்று யோசிக்கட்டும்.

இனி மகளின் கேள்விக்கு வருவோம்.

அப்பெண் போகவிருக்கும் பாதையில் இரண்டு வாசல்கள் உள்ளன. உயர்நீதிமன்றத்தில் வக்கீலாக ஏற்கப்பட்டது ஒரு வாசல். ஷரீஅத் நீதிமன்றத்தில் நிற்க மாநில இஸ்லாமிய சமய மன்றத்திடம் ஷரீஅத் வக்கீலாகத் தனி அனுமதி பெற வேண்டும். அது மற்றொரு வாசல். இந்த இரண்டாவது வாசல் முஸ்லிம் அல்லாதாருக்குத் திறக்குமா என்று விக்டோரியா ஜெயசீலி மார்ட்டின் என்னும் வக்கீல் தொடுத்த வழக்கு பல ஆண்டு நடந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தும், 2016இல் கூட்டரசு நீதிமன்றம் மூவர்க்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அதை மாற்றி, கூட்டரசுப் பிரதேசத்தில் முஸ்லிம்களே ஷரீஅத் வக்கீலாகலாம் என்ற விதியை நிலைநிறுத்தியது. அத்தீர்ப்பைப் பற்றி யாருக்கு எக்கருத்து இருப்பினும் ஒன்று தெளிவு. தமிழ் பேசும் முஸ்லிம் பெண் ஒருத்தி ஷரீஅத் நீதிமன்றத்தில் தன் குறையைத் தன் மொழியில் ஒரு வக்கீலிடம் சொல்ல வேண்டுமானால், அவளுக்குக் கிடைக்கக்கூடியவர் நம் சமுதாயத்துப் பிள்ளைகள் சிலரே. ஈப்போ போன்ற ஊரில் அவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தச் சிலரையும் நம் கடிதமும் முத்திரையும் கொண்டு நாமே நாற்காலியில் உட்கார வைத்தால், அந்தப் பெண் எங்கே போவாள்?

இது வெறும் கற்பனை என்று தள்ள வேண்டாம். நம் கடைகளை நினைத்துப் பாருங்கள். கணவர் கல்லாவில் இருப்பார். மனைவி விடியுமுன் எழுந்து மசாலா அரைத்து, சமையற்கட்டைக் கவனித்து, மாலையில் கணக்கும் எழுதுவாள். லைசென்ஸ் அண்ணன் பெயரில் இருக்கும், கடை வீடு தம்பி பெயரில் இருக்கும். இருபத்தைந்து வருடம் கழித்து மனம் முறிந்தால் அவள் கையில் ஒரு காகிதம் இராது. ஆனால் பேராக் மாநிலத்தின் 2004ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டம் 'ஹர்த்தா செப்பஞ்சாரியான்' என்னும் கூட்டுச் சம்பாத்தியத்தை ஏற்கிறது. இருவர் உழைப்பில் சேர்ந்த சொத்தைப் பிரிக்க மன்றம் உத்தரவிடலாம். ஒருவர் சம்பாதித்ததாயினும் மற்றவர் வீட்டையும் பிள்ளைகளையும் பராமரித்ததைக் கணக்கில் கொள்ளலாம். இதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். சொல்பவர், அவள் கணவரும் மைத்துனரும் கையெழுத்திட்ட கடிதத்தால் வேலை பெற்றவர் என்றால், அவள் வாயைத் திறப்பாளா?

நம் நிர்வாகக் குழுவில் இதைப் பேசியபோது ஒரு பெரியவர் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். "மற்ற சமூகத்தார் தங்கள் பிள்ளைகளைக் கைதூக்கி விடுகிறார்கள். நாம் மட்டும் நீதி பேசிக்கொண்டு ஒதுங்கினால் நம் பிள்ளை தெருவில் நிற்கும். தவிரவும், நம் பெண் வக்கீலாக இருந்தால் நம் வீட்டுச் சண்டை கோர்ட்டு ஏறாமல் ஜமாஅத்துக்குள்ளேயே முடியும்" என்றார். முதற்பகுதியில் நியாயம் உண்டு. இரண்டாவதுதான் நம்மைத் தடுத்தது. சூரத்துன் நிஸாவின் முப்பத்தைந்தாம் வசனம் தம்பதியர் பிணக்கில் மத்தியஸ்தர் இருவரைக் கேட்கிறது: அவன் குடும்பத்தில் ஒருவர், அவள் குடும்பத்தில் ஒருவர். நம் பஞ்சாயத்துகளில் உட்காருபவர்கள் யார்? பெரும்பாலும் கணவருடன் கொடுக்கல் வாங்கல் உள்ள நாமேதான். மனைவியின் பெற்றோர் இராமநாதபுரத்திலோ தஞ்சையிலோ இருப்பார்கள். அவள் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். ஒரு நாற்காலி காலியாக இருக்கச் செய்யும் சமாதானத்துக்குச் சமாதானம் என்று பெயர் வைக்க நம் மனம் ஒப்பவில்லை. அந்த நாற்காலியில் உட்காரத்தான் இந்தப் பெண் படித்திருக்கிறார்.

பெரியவர் சிரித்துவிட்டு, "அப்படியானால் நமக்கெதிராகவே ஒரு வக்கீலைத் தயார் செய்கிறோம் என்று சொல்" என்றார். ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கு முன்மாதிரி நம் முன்னோரிடமே இருக்கிறது. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர்கள் மளிகைக் கடை வைத்திருந்த காலத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். லயத்து ஜனங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கடைக்காரரிடம் வந்து ஊருக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். காலையில் கணவன் வந்து மனைவியைப் பற்றித் தன் தாய்க்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வான். மாலையில் மனைவி வந்து அவனைப் பற்றித் தன் அண்ணனுக்கு ஒன்று எழுதச் சொல்வாள். இரண்டையும் எழுதியவர் ஒருவரே. கடன் நோட்டில் இருவர் கணக்கும் இருக்கும். குடிக்குப் போன காசு எவ்வளவு, அரிசிக்குப் போன காசு எவ்வளவு என்பதும் அவருக்குத் தெரியும். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொன்னாரென்றால் அன்றோடு கடை மூடல். வாயை மூடிக்கொண்டிருந்ததாலேயே தோட்டம் முழுதும் அவரை நம்பிற்று. இன்று வக்கீலுக்கு 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் விதிக்கும் இரகசியக் கடமையை நம் பாட்டன்மார் சட்டமில்லாமலே கடைப்பிடித்தார்கள்.

அந்தத் தோட்டங்களில் பல இப்போது செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கமிருந்து வெளியேறிய குடும்பங்களின் வாரிசுகள் ஈப்போவின் மலிவு விலை அடுக்கு வீடுகளில் இருக்கிறார்கள். அப்பெண் தம் பயிற்சிக் காலத்தில் சட்ட உதவி நிலையத்தில் உட்கார்ந்தபோது அவர்களையே மிகுதியும் கண்டதாகச் சொன்னார். கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவு அலுவலகத்துக்குப் போகவில்லை; கணவன் போனபின் ஈப்பிஎப் பணத்துக்கும் பென்ஷனுக்கும் மனைவி என்று நிரூபிக்கத் தாள் இல்லை. 1982க்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களைப் பதிவானவையாகவே சட்டம் கருதினாலும், நடந்தது என்று காட்டச் சாட்சி வேண்டுமே! தோட்டம் கலைந்தபோது சாட்சிகளும் கலைந்துவிட்டார்கள். இந்த வேலைக்குப் பெரிய பீஸ் கிடைக்காது. ஆனால் இதில்தான் தமக்கு ஆசை பிறந்தது என்றார். அவர் விண்ணப்பத்தில் இதை எழுதியிருந்தார். கட்சிக்காரர் பெயர்களையும் சேர்த்து எழுதியிருந்தார். அதைமட்டும் அடித்துவிடச் சொன்னோம். வேலை தேடும் அவசரத்தில் தன் திறமையைக் காட்ட ஊரார் இரகசியத்தை எடுத்து வைப்பவரை, நாளை இரகசியம் காப்பார் என்று எந்த மூத்த வக்கீல் நம்புவார்?

நேர்முகத்தில் ஈப்போக்காரரைக் கட்டாயம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. அதையும் நாமே அவரிடம் கேட்டுப் பார்த்தோம். 2009இல் இந்நகரைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் கணவர் இஸ்லாத்தைத் தழுவி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றிச் சான்றிதழ் பெற்றார். பதினொரு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். குழந்தைகள் தகப்பனிடம் என்று ஷரீஅத் நீதிமன்றமும், தாயிடம் என்று ஈப்போ உயர்நீதிமன்றமும் உத்தரவிட்டன. 2013இல் உயர்நீதிமன்றம் மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தது. 2015இல் மேல்முறையீட்டில் அது மாறிற்று. 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, பெற்றோர் இருவர் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்புக் கூறினர். அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் அத்தாய் தம் கடைசி மகளைக் காணவில்லை. அதே 2018 டிசம்பரில் அமலான சட்டத்திருத்தம், ஒருவர் இஸ்லாத்துக்கு மாறிய குடும்பத்தில் மாறியவரும் சிவில் நீதிமன்றத்தில் விவாகரத்துக் கோரலாம் என்றாக்கியது. ஆனால் பிள்ளைகளின் மதத்தைப் பற்றிய பிரிவு அதில் இடம்பெறவில்லை.

"இப்படியொரு வழக்கு உன்னிடம் வந்தால் எந்தப் பக்கம் நிற்பாய் மகளே?" என்றோம்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "முதலில் என்னிடம் யார் வருகிறார்களோ அவர்கள் பக்கம், மாமா. ஆனால் தகப்பன் வந்திருந்தால், குழந்தையைத் தாயிடம் காட்டிவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள் என்று சொல்லியிருப்பேன்" என்றார். நம்மில் சிலருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. தீனுக்கு வந்த ஒருவரை விட்டுக்கொடுப்பதா என்றனர். தீனுக்கு வருவதற்கும் பால் குடிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று நமக்கு விளங்கவில்லை. விளங்குகிறவர்கள் எழுதினால் அடுத்த இதழில் வெளியிடுவோம். அப்பெண்ணின் பதில் வேலை கொடுப்பவருக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம். நேர்முகத்தில் பிடித்த பதிலைச் சொல்லி உள்ளே போய்விட்டு, பிடிக்காத மனச்சாட்சியோடு தினமும் கோர்ட்டுப் படி ஏறுவது எத்தனை நாளைக்கு முடியும்?

எஞ்சியது கடிதம். "வழக்குகளெல்லாம் உங்களிடமே வரும்" என்ற வரியை எழுத மறுத்துவிட்டோம். வேலைக்கு விலையாக வியாபாரம் தருவதாகச் சொல்வது நம் கடைவீதியில் சாதாரணம். வக்கீல் தொழிலிலோ ஆள் பிடித்துக் கொடுப்பதையும் கட்டணத்தில் வெளியாருக்குப் பங்கு கொடுப்பதையும் விதிகள் தடுக்கின்றன. விதி இல்லாவிட்டாலும், நம் வீட்டுச் சண்டைகளை மொத்த வியாபாரமாக ஒருவருக்கு எழுதிக் கொடுக்க நாம் யார்? அந்தச் சண்டைகளில் பாதி நம் மனைவிமாருக்குச் சொந்தம் அல்லவா?

அங்கத்தினர் சிலர், சங்கத்தின் பெயரும் முத்திரையும் இல்லாமல் தனிமனிதராக எழுதிக் கொடுத்தனர். மதரஸா நாட்களிலிருந்து இப்பெண்ணை அறிவோம். மாணவர் நிதிக் கணக்கை இரண்டு வருடம் இவர் வைத்திருந்தார், ஒரு வெள்ளியும் குறையவில்லை. கேட்டதை வெளியே சொல்லும் பழக்கம் இவரிடம் கண்டதில்லை. அவ்வளவே. ஷரீஅத் நீதிமன்றத்தில் குடும்ப வழக்கு நடந்துகொண்டிருக்கும் அங்கத்தினர் ஒருவரும் கையெழுத்திட வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தகப்பனார் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை இல்லாதது அவருக்குக் குறையாகவே இருந்தது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, அந்த நிறுவனத்துப் பங்குதாரர் ஒருவர் தம் கடைக்குத் தினமும் தேநீர் குடிக்க வருவதாகவும், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமா என்றும் கேட்டார். மகள் நம்மைப் பார்த்தார்.

தேநீரைக் கொடுங்கள், காசையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றோம்.